அடியை வாங்குவது யார்?

மாமாதான் முதலில் பார்த்தார். காலையில் வாசலில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தவர், வாயில் இருந்ததைத் துப்பிவிட்டுக் கூப்பிட்டார்: "டேய் மாப்ள, உன் வண்டி இன்னாடா பின்னாடி குந்திக்கினு கீது?"

வெளியே வந்து பார்த்தேன். முன்பக்கம் நிமிர்ந்து, பின்பக்கம் மணலில் உட்கார்ந்த மாடு மாதிரி இருந்தது வண்டி. இடது பின்சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விரல் நுழைய இடமில்லை. ராத்திரி நிறுத்தும்போது நன்றாகத்தான் இருந்தது.

பழவேற்காட்டில் ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் குப்பங்களில் ஒன்று என் அம்மா பிறந்த ஊர். நான் சென்னையில் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். ஏழு பேர் உட்காரக்கூடிய இந்தப் பெரிய வண்டியை இரண்டாம் கையாக வாங்கியதற்கு ஒரே காரணம் மாமாவின் முதுகு. முப்பது வருடம் கடலுக்குப் போன முதுகு. இடுப்புக்கு மேலே இரண்டு இடங்களில் எலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டு பிதுங்கியிருக்கிறது என்று ஸ்கேன் சொன்னது. மாதம் ஒருமுறை சென்னையில் இருக்கும் மருத்துவமனைக்கு வர வேண்டும். பொன்னேரி, மீஞ்சூர் என்று கன்டெய்னர் லாரிகள் ஓடித் தேய்ந்த சாலை. ஆட்டோவிலோ பஸ்ஸிலோ வந்தால் அன்றைக்கு முழுக்க அவரால் நிமிர முடியாது. காற்றில் மிதக்கிற வண்டி என்று விற்பவர் சொன்னார். வாங்கிவிட்டேன். அந்தக் காற்றுதான் இப்போது ஒரே ராத்திரியில் இறங்கிப் போயிருந்தது.

எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் கம்ப்ரசர் முனகியது. கொஞ்ச நேரத்தில் பின்பக்கம் மெல்ல எழுந்தது. மாமா சிரித்தார். "என்னை மாதிரியே. மாத்திரை போட்டா எழுந்துக்குது."

அவர் சொன்னது வேடிக்கைக்கு. பிறகு மெக்கானிக் சொன்னதும் கிட்டத்தட்ட அதுவேதான்.

*

மெக்கானிக் பாய் முதலில் கேட்டது ஒரு வாளி சோப்புத் தண்ணீர். வண்டியைத் தூக்கி, பின்சக்கரங்களுக்கு உள்ளே இருக்கும் ரப்பர் உறைகளின் மேல் பிரஷ்ஷால் தடவினார். வலதுபக்கம் ஒன்றுமில்லை. இடதுபக்கம் ரப்பர் மடியும் இடத்தில் சின்னச் சின்னக் குமிழிகள் கிளம்பின.

"பார்த்தீங்களா சார், இங்க மூச்சு விடுது. ரொம்ப நாளா விட்டிருக்கும். கம்ப்ரசர் நிரப்பிக்கிட்டே இருந்ததால உங்களுக்குத் தெரியல. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா கம்ப்ரசரும் எரிஞ்சிருக்கும்."

எங்கள் தொழிலிலும் இது நடக்கும். ஒரு சர்வர் பழுதாகும்போது இன்னொன்று சத்தமில்லாமல் அதன் வேலையையும் இழுத்துப் போட்டுக்கொள்ளும். எல்லாம் சரியாக இருப்பதாகத் திரை பச்சை நிறத்தில் சொல்லிக்கொண்டிருக்கும். மாமாவின் வலி மாத்திரைகளும் அந்தப் பச்சை விளக்குதான்.

இந்த வண்டியின் பின்பக்கத்தில் காயில் ஸ்பிரிங் கிடையாது. அதற்குப் பதில் நூல் பின்னல் வைத்த ரப்பர் உறை ஒன்றில் அழுத்தப்பட்ட காற்று. அதன் நடுவே எண்ணெய் நிரம்பிய ஷாக் அப்சார்பர். 'அதிர்ச்சி உறிஞ்சி' என்ற அந்தப் பெயரில் ஒரு பிசகு உண்டு. பள்ளத்தின் அடியை வாங்கிக்கொள்வது ஸ்பிரிங். வாங்கியதை அது அப்படியே திருப்பித் தந்துவிடும். ஷாக் அப்சார்பர் இல்லாவிட்டால் ஒரு பள்ளத்துக்கு வண்டி பத்து முறை குதிக்கும். அந்தத் துள்ளலைப் பிடித்து, சிறு துளைகள் வழியே எண்ணெயைத் தள்ளி, சூடாக மாற்றிக் காற்றில் விடுவதுதான் ஷாக் அப்சார்பரின் வேலை. அடி எங்கும் காணாமல் போவதில்லை. ஏதோ ஒன்று அதை வாங்கிக்கொள்கிறது. வாங்கி வாங்கி அது தேய்கிறது.

காற்றை ஸ்பிரிங்காக நினைக்கலாம் என்பது பழைய யோசனை. ராபர்ட் பாயில் 1660-இல் வெளியிட்ட பரிசோதனை நூலின் தலைப்பிலேயே 'காற்றின் ஸ்பிரிங்' இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் நாம் படித்த பாயில் விதி அதற்கு இரண்டு வருடம் கழித்து வந்தது. காற்றை அழுத்தினால் அது எதிர்த்துத் தள்ளும். இன்னும் அழுத்தினால் இன்னும் அதிகமாகத் தள்ளும். எஃகு ஸ்பிரிங்கில் இந்த வசதி கிடையாது. அதன் விறைப்பைத் தொழிற்சாலையில் தீர்மானித்துவிடுவார்கள். அதனால்தான் கமான் பட்டை வைத்த பஸ் காலியாக ஓடும்போது எலும்பை உலுக்கும், கூட்டம் ஏறினால் சாய்ந்து போகும். காற்றுக்கு அப்படி இல்லை. பாரம் ஏறினால் அழுத்தத்தைக் கூட்டலாம். உயரமும் மாறாது, சொகுசும் மாறாது.

"ரெண்டையும் மாத்திடுவோம் சார்," என்றார் பாய். "ஒண்ணு போச்சுன்னா இன்னொண்ணுக்கும் அதே வயசுதானே. இல்லன்னா காயில் ஸ்பிரிங் போட்டுத் தரேன். செலவு பாதிகூட ஆகாது. தொந்தரவே இருக்காது. ஆனா இந்த சொகுசு வராது."

யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். பாகம் வர எப்படியும் பத்து நாள் ஆகும். அந்தப் பத்து நாளில் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். எங்கே கை வைத்தாலும் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது: வண்டி குலுங்கும்போது அடியை வாங்குவது யார்?

*

நம் ஊரில் இந்தக் கேள்விக்கான பதில் வண்டியின் பெயரிலேயே இருந்திருக்கிறது. ஒன்று கட்டை வண்டி. அச்சுக்கு மேலே நேராகப் பலகை. சாலையின் ஒவ்வொரு கல்லும் ஏறி உட்கார்ந்தவரின் முதுகெலும்புக்கும், நுகத்தின் வழியாக மாட்டின் கழுத்துக்கும் போகும். இன்னொன்று வில்வண்டி. அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவே எஃகு வில் வைத்தது. மெத்தை, திரைச்சீலை, மாட்டுக் கழுத்தில் சலங்கை. வில்வண்டி வைத்திருந்தவர் யார், கட்டை வண்டியில் மூட்டையோடு மூட்டையாகப் போனவர் யார் என்று கிராமத்தில் யாரும் விளக்க வேண்டியதில்லை.

வில்வண்டியின் வில் ஐரோப்பாவின் கோச்சு வண்டிகளிலிருந்து வந்தது. ஆரம்பத்தில் அங்கே பணக்காரர்களின் வண்டிக் கூண்டுகளைத் தோல் பட்டைகளில் தொங்கவிட்டிருந்தார்கள். 'சஸ்பென்ஷன்' என்றால் தொங்கவிடுதல். சொல் அங்கிருந்து வந்ததுதான். 1804-இல் ஒபதையா எலியட் என்ற லண்டன் வண்டி செய்பவர், இரண்டு விற்களை முகத்தோடு முகம் வைத்துச் சேர்த்த நீள்வட்ட ஸ்பிரிங்குக்குக் காப்புரிமை வாங்கினார். வண்டிகள் இலகுவாயின, தாழ்ந்தன. சென்னையில் 1840-இல் தொடங்கிய சிம்ப்சன் நிறுவனம் செய்ததும் இந்த மாதிரிக் கோச்சு வண்டிகளைத்தான். மோட்டார் எஞ்சின் பக்கம் அது வந்ததெல்லாம் பின்னால்.

அதற்கு முன்பு சென்னையில் சொகுசாகப் போக விரும்பியவர்களுக்குப் பல்லக்கு இருந்தது. பொறியியல் கண்ணால் பார்த்தால் பல்லக்கு அருமையான சஸ்பென்ஷன். மூங்கில் தண்டு வளைந்து கொடுக்கும். தூக்குபவர்கள் கால்களை மாற்றி மாற்றி வைத்து ஓடுவதால் உள்ளே இருப்பவருக்குக் குலுங்காது. பள்ளம் வந்தால் அவர்களின் முட்டி மடங்கும், தோள் இறங்கும். உயரத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் அமைப்பு. இன்று என் வண்டியில் அதற்கு ஒரு சென்சாரும் ஒரு கம்ப்யூட்டரும் வேண்டியிருக்கிறது. அன்று அந்த வேலையைச் செய்தது நான்கைந்து மனிதர்களின் உடம்பு. பல்லக்கைச் சுமப்பவனையும் அதில் போகிறவனையும் பற்றித் திருக்குறளின் 'அறன் வலியுறுத்தல்' அதிகாரத்தில் ஒரு குறள் இருக்கிறது. அது இந்த ஏற்பாட்டை நியாயப்படுத்துகிறதா, கேள்வி கேட்கிறதா என்று உரைகாரர்களும் வாசகர்களும் இன்னும் சண்டை போடுகிறார்கள். பல்லக்கு போய்விட்டது, சண்டை நிற்கவில்லை.

ஸ்பிரிங் வெறும் சொகுசு சமாச்சாரம் என்று நினைப்பவர்கள் 1893-இல் பக்கத்துத் திருவிதாங்கூரில் நடந்ததைப் பார்க்க வேண்டும். புலையர் சமூகத்தில் பிறந்த அய்யன்காளி ஒரு வில்லுவண்டியை விலைக்கு வாங்கினார். அதில் ஏறி, தன் சமூகத்தினர் நடக்கக்கூட அனுமதிக்கப்படாத பொதுச் சாலையில் போனார். எதிர்த்தவர்கள் வந்தார்கள். அவர் இறங்கவில்லை. கேரள வரலாற்றில் அதற்குப் பெயரே வில்லுவண்டிப் பயணம்.

நடந்தே போயிருக்கலாமே, ஏன் வண்டி என்று முதலில் தோன்றியது. நடந்து போவதே பெரிய எதிர்ப்புதான். ஆனால் வில்லின் மேல் உட்கார்ந்து போவது இன்னொன்றையும் சொல்கிறது. இதுவரை என் உடம்பு வாங்கிய அடியை இனி இந்த எஃகு வாங்கட்டும் என்று சொல்கிறது. என் வண்டியை வாங்கிய நாளில் மாமா பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். எனக்கு அப்போது அய்யன்காளியின் நினைவெல்லாம் வரவில்லை. இப்போது வருகிறது.

*

மருத்துவமனைக்குப் போகும் வழியில் திருவொற்றியூர் வரும். மாமா அங்கே வந்ததும் எப்போதும் கண்ணைத் திறப்பார். பாதி தூரத்துக்கு மேல் முடிந்தது என்று அர்த்தம். ரப்பருக்குள் காற்றை அடைத்து விற்ற கதையில் இந்த ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. 1946-இல் இங்கே ஒரு கொட்டகையில் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை குழந்தைகள் விளையாடும் பலூன் செய்ய ஆரம்பித்தார். அதுதான் பின்னால் எம்ஆர்எஃப் டயர் நிறுவனமாக வளர்ந்தது.

பலூனிலிருந்து டயருக்குப் போன அந்தப் பாதை உலகத்துக்கு ஏற்கெனவே பழக்கமானதுதான். ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1845-இல் காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். குதிரை வண்டிகளில் பொருத்தியும் காட்டினார். உலகம் மறந்துவிட்டது. 1888-இல் பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப், மகனின் மூன்று சக்கர சைக்கிள் கரடுமுரடான தரையில் குலுங்குவதைப் பார்த்து அதையே மறுபடி கண்டுபிடித்தார். பிள்ளையின் உடம்பு வாங்கும் அடியைப் பார்க்கச் சகிக்காத ஒரு அப்பாவிடமிருந்து இது வந்தது என்பது எனக்குப் பிடித்த விஷயம். நம் ஊரில் டயர் வைத்த மாட்டு வண்டிக்கு 'டயர் வண்டி' என்றே பெயர் வந்தது. மாட்டின் கழுத்துக்கு முதல் முறையாகக் கொஞ்சம் கருணை கிடைத்தது.

சக்கரத்தில் அடைத்த காற்றை அச்சுக்கு மேலேயும் வைக்கலாம் என்று வில்லியம் ஹம்ஃப்ரிஸ் என்ற அமெரிக்கர் 1901-இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் ரப்பரும் வால்வும் அதற்குத் தயாராக இல்லை. 1950-களின் தொடக்கத்தில்தான் அமெரிக்காவின் நெடுந்தூரப் பஸ்களில் காற்று ஸ்பிரிங் நிலைத்தது. 1954-இல் வந்த கிரேஹவுண்ட் நிறுவனத்தின் சீனிக்ரூசர் பஸ் காற்றின் மேல் ஓடியது. 1955-இல் பிரான்ஸில் சிட்ரோயன் டிஎஸ், எண்ணெயையும் வாயுவையும் சேர்த்து வேறொரு வழியில் அதே மிதப்பைக் கொடுத்தது. 1957-இல் கேடிலாக் எல்டோரடோ ப்ரோஹம் என்ற மிக விலையுயர்ந்த கார் நான்கு சக்கரத்துக்கும் காற்றோடு வந்தது. காற்று கசிந்தது. பல சொந்தக்காரர்கள் அதைக் கழற்றிவிட்டு சாதாரண ஸ்பிரிங்கைப் போட்டுக்கொண்டார்கள். எனக்குப் பாய் சொன்ன அதே யோசனை. பெரிய ஜீப் வகை வண்டிகளுக்கு இது வந்து சேர 1992 ஆகிவிட்டது. அந்த வருடம் ரேஞ்ச் ரோவர் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் காற்று சஸ்பென்ஷனைக் கொண்டுவந்தது.

நமக்கு இது பஸ் வழியாகத்தான் அறிமுகம். 2001-இல் வால்வோ பஸ்கள் இந்தியாவுக்கு வந்தன. அதற்குப் பிறகு ஆம்னி பஸ்களின் பக்கவாட்டில் பெரிய எழுத்தில் 'ஏர் பஸ்' என்று எழுத ஆரம்பித்தார்கள். நான் பொறியியல் படிக்கப் போன காலத்தில் ஏர் பஸ்ஸில் ஊருக்கு வருவது என்றால் கையில் கொஞ்சம் காசு இருக்கிறது என்று அர்த்தம். இல்லாத நாளில் அரசு பஸ்ஸின் கடைசி சீட். பின்சக்கரத்துக்கும் பின்னால் இருப்பதால் ஒவ்வொரு வேகத்தடையிலும் தலை கூரையைத் தொட்டுவிட்டு வரும். வில்வண்டியும் கட்டை வண்டியும் வேறு பெயரில் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

*

இதையெல்லாம் மாமாவிடம் சொன்னபோது அவர் பெரிதாக ஆர்வம் காட்டவில்லை. ஒன்றை மட்டும் கேட்டார். "மரத்துக்கு ஷாக்கப்சர் வேணுமா இன்னா?"

மரம் என்று அவர் சொல்வது கட்டுமரத்தை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் சாலையிலேயே தேடிக்கொண்டிருந்தேன். இந்தக் கடற்கரை இதே கேள்விக்கு வேறொரு பதிலைப் பல நூற்றாண்டுகளாக வைத்திருந்தது.

சோழமண்டலக் கரையில் அலை கரைக்கு வெகு அருகில் உடையும். ஆணி அடித்த விறைப்பான படகு அந்த அலையில் மணல் தரையில் மோதினால் பிளந்துவிடும். அதனால் இங்கே இரண்டு வகைக் கலங்கள் இருந்தன. ஒன்று கட்டுமரம். இலகுவான மரங்களைக் கயிற்றால் சேர்த்துக் கட்டியது. அலை அடித்தால் தண்ணீர் இடுக்குகள் வழியே மேலே வந்து வழிந்துவிடும். கட்டு கொஞ்சம் அசைந்து கொடுக்கும். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகக் காயப்போடலாம். இன்னொன்று சலங்கு. வெள்ளைக்காரர்கள் மசூலா படகு என்றார்கள். பலகைகளை ஆணி இல்லாமல் தென்னங்கயிற்றால் தைத்த படகு. உள்ளே குறுக்குச் சட்டங்கள் கிடையாது. தரையில் மோதினால் படகின் உடம்பே நெளிந்து அடியை வாங்கிக்கொள்ளும். தையல் தளரும். தண்ணீர் கசியும். ஒரு ஆள் இறைத்துக்கொண்டே இருப்பார். தேய்ந்த தையலைப் பிரித்து மறுபடி தைப்பார்கள். பாய் ரப்பரை மாற்றுவது மாதிரிதான். 1669 முதல் 1679 வரை வங்காள விரிகுடாவைச் சுற்றிய ஆங்கிலேய வணிகர் தாமஸ் பௌரி இரண்டு கலங்களையும் பற்றி எழுதி வைத்திருக்கிறார். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகம் எழும்வரை கவர்னரானாலும் கடிதப் பையானாலும் கப்பலிலிருந்து பெரும்பாலும் இந்தத் தைத்த படகில்தான் கரைக்கு வந்தன.

பழவேற்காட்டிலும் அப்படித்தான். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613-இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி முடித்தது. 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களின் தலைமையிடம் இதுதான். பெரிய கப்பல்கள் முகத்துவாரத்துக்குள் வர முடியாது. வெளியே நங்கூரம் போட்டு நிற்கும். துணி மூட்டைகள் அலையைத் தாண்டிச் சின்னப் படகுகளில் போகும். மூட்டைகள் மட்டும் போகவில்லை. பஞ்சம் வந்த வருடங்களில் இந்தக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கான மனிதர்களை அடிமைகளாக வாங்கி படேவியாவுக்கு அனுப்பினார்கள். பாயில் ஆக்ஸ்ஃபோர்டில் காற்றின் ஸ்பிரிங்கைப் பற்றிப் புத்தகம் போட்ட 1660-ஐ ஒட்டிய வருடங்களும் அப்படி ஏற்றுமதி நடந்த வருடங்களே. சுற்றுலா வருகிறவர்கள் டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் செதுக்கிய எலும்புக்கூடுகளோடு செல்ஃபி எடுக்கிறார்கள். அங்கே படுத்திருப்பவர்களின் பெயர்கள் கல்லில் இருக்கின்றன. படகில் போனவர்களுக்குக் கல் இல்லை. நெளிந்து கொடுக்கும் படகு யாரைக் காப்பாற்ற நெளிகிறது என்பதைப் படகு தீர்மானிப்பதில்லை.

*

மாமா மரத்திலிருந்து ஃபைபர் போட்டுக்கு மாறியது சுனாமிக்குப் பிறகு. அந்த மாற்றம் திடீரென்று வந்ததல்ல. 1979-இல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு சென்னையைத் தலைமையிடமாக வைத்து வங்காள விரிகுடாத் திட்டத்தைத் தொடங்கியது. இந்தக் கரையின் அலைகளில் இறங்கி ஏறக்கூடிய எஞ்சின் படகுகளை வடிவமைத்துச் சோதித்ததும் அந்தத் திட்டம்தான். கண்ணாடி இழைப் படகுகள் மெல்லப் பரவிக்கொண்டிருந்தன. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு நிவாரணமாக வந்தவற்றில் பெரும்பாலானவை ஃபைபர் போட்டுகள். மரங்களைக் கடல் கொண்டுபோயிருந்தது. கொடுத்ததை வாங்கிக்கொண்டார்கள்.

ஃபைபர் போட்டை யாரும் வெறுக்கவில்லை. மாமாவும்தான். தூரமாகப் போகலாம், சீக்கிரம் திரும்பலாம், வலை அதிகம் ஏற்றலாம், உடம்பு நனையாது. மரத்தில் முட்டி போட்டுத் துடுப்பு வலித்த காலத்தைப் பொற்காலம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் ஃபைபர் நெளியாது. எஞ்சின் வேகத்தில் அலையின் முதுகிலிருந்து பள்ளத்தில் விழும்போது படகின் அடிப்பக்கம் தண்ணீரில் அறையும். 'தொப்பு தொப்புனு' என்பார். கயிறும் மரமும் வாங்கிய அடி இப்போது குறுக்குப் பலகை வழியாக உட்கார்ந்திருப்பவரின் இடுப்புக்குப் போகிறது. ஒரு நாளைக்கு எத்தனை முறை, வருடத்தில் எத்தனை நாள் என்று நான் ஒருமுறை கணக்குப் போட ஆரம்பித்து நிறுத்திவிட்டேன்.

உலகம் இதை அளக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. மனித உடம்பு முழுவதும் வாங்கும் அதிர்வை மதிப்பிடும் ஐஎஸ்ஓ 2631 என்ற தரநிலை முதலில் வந்தது 1974-இல். 2002-இல் ஐரோப்பிய ஒன்றியம் தொழிலாளர்களுக்காகச் சட்டமே போட்டது. எட்டு மணி நேர வேலைக்கு, அதிர்வின் முடுக்கம் வினாடிக்கு வினாடி 0.5 மீட்டரைத் தாண்டினால் முதலாளி அதைக் குறைக்க நடவடிக்கை எடுக்க வேண்டும். 1.15 மீட்டரைத் தாண்டவே கூடாது. பிரிட்டனின் கடல் மீட்பு அமைப்பு தன் டமார் வகைப் படகுகளில் ஆட்கள் உட்கார ஸ்பிரிங் வைத்த இருக்கைகளைப் போட்டிருக்கிறது. எல்லாம் சரி. மாமாவின் முதலாளி அவரேதான். அவர் எந்தச் சட்டத்தின்படி தன் மேல் நடவடிக்கை எடுப்பார்?

அதற்காக இந்தக் குப்பங்களுக்கு அடியைப் பங்கு போடத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்று ஒரு ஏற்பாடு உண்டு. இறால் அதிகம் கிடைக்கும் இடம், குறைவாகக் கிடைக்கும் இடம் என்று ஏரிக்குள் இடங்கள் இருக்கின்றன. கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடுவூர்குப்பம் ஆகிய ஊர்களின் தலைக்கட்டுகள் சீட்டுப் போட்டு, முறை வைத்து அந்த இடங்களில் வலை கட்டுவார்கள். இன்றைக்கு நல்ல இடம் கிடைத்தவருக்கு நாளைக்கு மோசமான இடம் வரலாம். நஷ்டம் ஒரே வீட்டின் மேல் தொடர்ந்து விழாமல் பார்த்துக்கொள்கிற ஏற்பாடு. இதையும் நான் சஸ்பென்ஷன் என்றுதான் சொல்வேன். இதிலும் வில் எல்லோருக்கும் கிடையாது. பாட்டில் பங்கு உள்ள வீட்டு ஆண்களுக்கு மட்டும். மற்ற சமூகத்தினர் வெளியே நிற்க வேண்டும். அதை வைத்து ஏரியில் சண்டைகளும் நடந்திருக்கின்றன.

*

பாகங்கள் வந்தன. விலை என் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி. காயில் ஸ்பிரிங் வேண்டாம், காற்றே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். மாமாவையும் கூட்டிக்கொண்டு போனேன். பழுதானதைப் பிரிப்பதைப் பார்க்க அவருக்குப் பிடிக்கும்.

பாய் முதலில் ஸ்கேனரை மாட்டிப் பின்பக்கத்தின் காற்றை முழுக்க இறக்கினார். "அவசரப்பட்டுப் பைப்பைக் கழட்டினா கையில அடிச்சிடும்." பிறகு வண்டியைத் தூக்கி நிறுத்தி, சக்கரங்களைக் கழற்றி, காற்றுக் குழாயைப் பிடுங்கி, கீழ்க்கையை ஜாக்கியால் தாங்கிக்கொண்டு மேலே உள்ள நட்டுகளையும் கீழ் போல்ட்டையும் எடுத்தார். கீழ் போல்ட் உப்புக்காற்றில் துருப்பிடித்து இறுகியிருந்தது. அதை அசைக்கவே அரை மணி நேரம். "கடலோரத்து வண்டின்னு போல்ட்டே சொல்லுது," என்றார்.

பழைய ரப்பரை மாமா கையில் வாங்கிப் பார்த்தார். மடிப்பில் விரலை விட்டு விரித்தார். உள்ளே நரம்பு நரம்பாக நூல் தெரிந்தது. மணல் துகள்கள் மடிப்புக்குள் புகுந்து அறுத்திருந்தன.

புதியதைப் பொருத்தும்போது பாய் இரண்டு விஷயங்களில் கறாராக இருந்தார். காற்று ஏறுவதற்கு முன் வண்டியின் பாரத்தை அதன் மேல் இறக்கக் கூடாது. வெறும் உறை தப்பாக மடிந்து முதல் நாளே கிழிந்துவிடும். அப்புறம், கீழ் போல்ட்டைக் கடைசியாக முறுக்குவது வண்டி தன் சரியான உயரத்தில் இருக்கும் நிலையில். தொங்கும்போதே முறுக்கினால் உள்ளே இருக்கும் ரப்பர் புஷ் எப்போதும் திருகிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் போய்விடும். ஸ்கேனரில் உயரத்தைப் பதிவு செய்தார். மறுபடி சோப்புத் தண்ணீர். குமிழி இல்லை.

மாமா எழுந்து வந்து வண்டியின் பின்பக்கத்தைக் கையால் ஒருமுறை அழுத்தினார். இறங்கியது, எழுந்தது, நின்றது. இரண்டாவது முறை ஆடவில்லை.

"ஏன் பாய்," என்றார், "இதைப் போட்டுல வெக்க முடியாதா? உக்கார்ற பலகைக்குக் கீழ?"

பாய் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்தார். "வெக்கலாம் அண்ணே. காத்து கூட வேணாம். பைக் ஷாக்கப்சரே போதும். ஆனா உப்புத்தண்ணி. ஆறு மாசத்துக்கு ஒருதரம் மாத்தணும்."

"ஆறு மாசத்துக்கு ஒருதரம் மாத்தலாமே," என்றார் மாமா. "இதை மாத்த முடியலையே." தன் இடுப்பைத் தட்டிக் காட்டினார்.

ஊருக்குத் திரும்பும்போது அவர் பின்சீட்டில் படுக்காமல் உட்கார்ந்தே வந்தார். பழைய ரப்பர் ஒன்றைக் கேட்டு வாங்கி மடியில் வைத்திருந்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. இறங்கும்போது மகனின் பெயரைச் சொல்லி, அவன் உட்காரும் பலகைக்கு அளவெடுக்க வேண்டும் என்றார்.

அவர் மகனுக்கு இருபத்தாறு வயது. அப்பாவின் படகை இப்போது ஓட்டுவது அவன்தான். மறுநாள் விடியற்காலையில் நாங்கள் கரையில் நின்றிருந்தோம். படகு முதல் அலையில் ஏறி மறுபக்கம் விழுந்தது. அறையும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. மாமா இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு கத்தினார்: "உக்காராதடா! முட்டியை மடக்கி நில்லு! முட்டியை மடக்கு!"

எஞ்சின் சத்தத்தில் அவனுக்குக் கேட்டிருக்காது. ஆனால் அவன் எழுந்து முட்டியை மடக்கி நின்றுகொண்டிருந்தான்.